வியர்வையும் விவேகமும்

ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரை ஒருமுறையேனும் வடம் பிடித்து இழுத்தவர்களுக்கு, அந்த வடத்தின் முரட்டுத்தனமும், முன்னால் போகிறவரின் முதுகில் திருமண் கரைந்து வழியும் வியர்வையும், 'ரங்கா, ரங்கா' என்று வீதியை நிறைக்கும் கோஷமும் ஆயுள் முழுவதும் ஞாபகத்தில் நிற்கும். ஆனால் அந்தத் தேர் எந்த வேளையில் புறப்பட்டது, எந்த வேளையில் நிலைக்கு வந்தது என்று கேட்டால் சிறிது யோசித்துத்தான் சொல்வார்கள். விருப்பன் திருநாள் என்று ஊரார் வழங்கும் இவ்வுற்சவம் வருஷத்திலேயே வெயில் உக்கிரம் கொள்ளும் பருவத்தில் வருகிறது; அப்படி வந்தும், விடியற்காலையின் குளிர்ச்சி மாறுவதற்குள் வடம் பிடிக்கப்பட்டு, நான்கு சித்திரை வீதிகளையும் வலம் வந்து, சூரியன் உச்சிக்கு ஏறுவதற்கு வெகு முன்பே தேர் நிலை சேர்ந்துவிடுகிறது. இந்த நேர நியமத்தை முகூர்த்த சாஸ்திரத்தின்பாற்படுத்துவோர் உண்டு, நான் மறுக்கவில்லை. எனினும் அதே தேரை, அதே ஜனங்கள், அதே பக்தியோடு பிற்பகல் 2 மணிக்கு இழுக்க நேர்ந்தால் அவர்களுடைய சரீரத்துக்கு என்ன நேரும், அதற்கும் முன்பாக அவர்களுடைய புத்திக்கு என்ன நேரும் என்று ஆராய்வோமானால், அந்த நியமத்தை ஏற்படுத்தியவர்கள் மனித தேகத்தைப் பற்றி ஓர் உண்மையை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள் என்பது விளங்கும்.

அக்கினி நட்சத்திரம், அல்லது பேச்சு வழக்கில் கத்திரி வெயில், மே மாதம் 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி 28-ஆம் தேதியை ஒட்டி முடிகிறது. கடற்காற்றின் தண்மை எளிதில் எட்டாத உள்நாட்டில் அமைந்த திருச்சிராப்பள்ளியில் அந்த நாட்களில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அபூர்வமன்று. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளாகிய ஜூன் 12-க்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும். காவிரி அப்போது நதியாயிராது, அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து எதிர்க்கரைவரை பரந்த மணலாய்க் கிடக்கும். பகலெல்லாம் காய்ந்த மலைக்கோட்டைப் பாறை, அஸ்தமனத்துக்குப் பின்னும் வெகு நேரம், அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டிபோல அக்கம்பக்கத்துத் தெருக்களின்மேல் உஷ்ணத்தை வீசிக்கொண்டிருக்கும்.

இத்தகைய ஊரில் மனிதன் உயிரோடிருப்பதே ஓர் அதிசயந்தான் என்பதைச் சிறிய கணக்கு ஒன்றால் காட்டலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் தேகம், உண்ட சோற்றை எரித்து, ஏறக்குறைய 100 வாட் உஷ்ணத்தை, அதாவது பழைய குண்டு பல்பு ஒன்று தருகிற அளவு சூட்டை, இடைவிடாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடுமானால், 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் மணிக்கு ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறும். காலைப் பலகாரத்துக்குப் பிறகு உட்கார்ந்தவர், நடுப்பகல் போஜனத்துக்குள் உயிருக்கு ஆபத்தான ஜுர நிலையை அடைந்துவிடுவார். அப்படி ஆகாமல் காப்பவை, தோலிலிருந்து சூடு தப்பிப்போகும் வழிகள். சருமத்தின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை, தொடுகிற பொருளுக்கும், வீசுகிற காற்றுக்கும், எதிரேயுள்ள சுவருக்கும் தேகம் தன் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. காற்று 40 டிகிரியாகும்போதோ இந்த மூன்று வாசல்களும் எதிர்த்திசையில் திறந்துகொள்கின்றன. வெளிச்சூடு உள்ளே வரத் தொடங்குகிறது. அப்போது எஞ்சி நிற்பது ஒரே வாசல், வியர்வை.

மனித சருமத்தில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம்வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகுமானால் அது ஏறத்தாழ 580 கிலோ கலோரி உஷ்ணத்தைத் தேகத்திலிருந்து எடுத்துச் சென்றுவிடும். உட்கார்ந்திருப்பவரின் 100 வாட்டைப் போக்க மணிக்கு 150 மில்லி லிட்டர் போதும். தேர் இழுப்பவரைப் போல 500 வாட் சூட்டை உண்டாக்குகிறவருக்கு மணிக்கு முக்கால் லிட்டர் வேண்டும். இங்கே ஒரு நிபந்தனை உண்டு. ஆவியாகிற வியர்வைதான் குளிர்விக்கும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிற வியர்வை தேகத்துக்கு நஷ்டமே ஒழிய லாபமாகாது. வடம் பிடித்தவரின் முதுகில் வழிந்தோடுகிற அந்த நீர், அவர் சரீரம் எவ்வளவு பிரயாசைப்படுகிறது என்பதற்குச் சாட்சி. எவ்வளவு ஜயித்தது என்பதற்குச் சாட்சியாகாது.

1774-ஆம் வருஷம் லண்டனில் சார்ல்ஸ் பிளாக்டன் என்ற வைத்தியர் தம் நண்பர்கள் சிலரோடு, தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் மீறிக் காய்ச்சப்பட்ட ஓர் அறைக்குள் புகுந்து சில நிமிஷங்கள் இருந்து பார்த்தார். அவர்கள் உள்ளே கொண்டுபோன முட்டைகள் வெந்து கெட்டியாயின. மாமிசத் துண்டு பதமாகச் சமைந்துவிட்டது. அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டு அதே அறையில் நின்ற மனிதர்களும், கூடையில் வைத்துக் கொண்டுபோன ஒரு நாயும், யாதொரு தீங்குமின்றி வெளியே வந்தார்கள். முட்டைக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசம் ஆவியாகும் ஈரம் என்பதும், அந்த அறையின் காற்று உலர்ந்திருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று என்பதும் பிரத்தியட்சமாயின. பிளாக்டனின் அறையைவிட இந்தத் தத்துவத்தை நன்றாகக் காட்டும் கருவி நம் வீடுகளிலேயே இருந்தது. ஒரு மூலையில் ஈர மணலைக் குவித்து அதன்மேல் அமர்த்திய மண்பானை. அதன் வயிற்றிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வழியாக நீர் கசிந்து, வெளிப்புறத்தில் ஆவியாகி, உள்ளிருக்கும் நீரின் சூட்டைக் கவர்ந்து செல்கிறது. காற்றாடும் ரேழியில் வைத்த பானை நன்றாகக் குளிரும். கதவடைத்த அறையில் வைத்த பானை அவ்வளவு குளிராது. மனித சரீரம், இவ்விஷயத்தில், நடமாடும் மண்பானை.

வாசகர் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளைத் திண்ணைத் தூணில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழைச் சுற்றிப் பழைய வேட்டித் துணியின் கிழிசலைக் கட்டி, துணியின் மறுநுனியை ஒரு கிண்ணம் தண்ணீரில் இருத்திவிட்டு, காற்றுக்கு ஒரு விசிறி வைத்தால், உலர்ந்த வெப்பமானி காட்டுவதைவிட ஈரத்துணி சுற்றியது குறைவாகக் காட்டும். இந்த ஈரக்குமிழ் வெப்பநிலையே வியர்க்கும் மனிதனுக்கு உண்மையான வானிலை அறிக்கை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 25 என்றிருக்கும் ஒரு திருச்சிப் பிற்பகலில் உலர்ந்த வெப்பமானி 40 காட்டினால் ஈரக்குமிழ் 24-ஐ ஒட்டி நிற்கும். கடலோர நகரமொன்றில் உலர்ந்தது 34 மட்டுமே காட்டி, ஈரப்பதம் நூற்றுக்கு 75 ஆக இருக்குமானால், ஈரக்குமிழ் 30-ஐத் தொட்டுவிடும். செய்தித்தாளில் திருச்சியின் எண் பெரிது. வியர்வையின் கணக்கில் கடலோரத்தின் எண் பெரிது. சென்னைக்குப் போய் வந்த நம் ஊர்ப் பாட்டிமார் "அங்கே வெயில் கம்மிதான், ஆனா புழுக்கம் பிடுங்கித் தின்கிறது" என்று சொல்வதில் பௌதிகம் பிழையற்று இருக்கிறது.

இதே வேறுபாட்டை உணர அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. திருவானைக்காவில் ஜம்புகேஸ்வரர் அப்புலிங்கமாக எழுந்தருளியிருக்கும் கர்ப்பக்கிருகத்தில் நீர் ஊறிக்கொண்டே இருப்பது யாவரும் அறிந்தது. வெளிப்பிரகாரத்தில் பாதம் பொசுக்கும் கருங்கல்லைக் கடந்து, ஒன்பது துளைகளையுடைய சாளரத்தின் முன்னே வந்து நிற்கும்போது முதலில் மேனியில் தண்மை படுகிறது. கூட்டமான ஒரு நாளில் சிறிது நேரம் அங்கே நின்றவர்களுக்கோ, வெளியே வெயிலில் தெரியாத வியர்வை இங்கே நெற்றியிலும் மார்பிலும் அரும்பி, அரும்பியது உலராமல் வழியத் தொடங்குவது தெரியும். வெளியேயும் அவர்களுக்கு வியர்த்தது. அங்கே காற்று அதைக் குடித்துவிட்டது. உள்ளே காற்றுக்கு ஏற்கெனவே தாகம் தீர்ந்திருக்கிறது.

இங்கிலாந்தின் கார்ன்வால் பிரதேசத்துச் சுரங்கங்களில் உழைப்பவர்களின் அவதியை ஆராய்ந்த ஜே. எஸ். ஹால்டேன், ஈரக்குமிழ் 31 டிகிரியைத் தாண்டியபின், அசையாது அமர்ந்திருப்பவரின் உடல் வெப்பங்கூட ஏறத் தொடங்குகிறது என்று 1905-ல் எழுதினார். நூறாண்டுக்குப் பின்னர், 2010-ல், ஈரக்குமிழ் 35 டிகிரியே மனிதன் தாங்கக்கூடிய இறுதி எல்லை என்று கணித முறையில் வாதிக்கப்பட்டது. ஆனால் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆரோக்கியமுள்ள இளைஞர்களை நேரில் சோதித்து 2022-ல் வெளியிட்ட முடிவு, ஈரமான காற்றில் அந்த எல்லை 31 டிகிரியை ஒட்டியே இருக்கிறது என்று ஹால்டேனின் எண்ணுக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

வியர்வை வெளித்தோற்றம், அதற்குப் பின்னே ரத்தம் செய்யும் வேலையே பெரிது. உள்ளிருக்கும் சூட்டைத் தோலுக்குச் சுமந்து வருவது ரத்தம். ஓய்வில் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இருதயம் செலுத்துகிறது; கடும் உஷ்ணத்தில் தோல் மட்டுமே 7, 8 லிட்டர்வரை கேட்கும். இருதயம் இருமடங்கு உழைக்கிறது. அதுவும் போதாதபோது குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகவேண்டிய பங்கு குறைக்கப்படுகிறது. தர்ம தரிசன வரிசையில் வெகு நேரம் நின்றவர் திடீரென்று சரிந்து விழுவது, விரிந்த தோல்நாளங்களிலும் கால்களிலும் ரத்தம் தேங்கி, தலைக்குப் போவது ஒரு கணம் குறைவதால். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். கர்ப்பிணிகளின் நிலை இதனினும் கவலைக்குரியது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் 2017 முதல் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 800 பேரைத் தொடர்ந்து கவனித்து, கடும் உஷ்ணத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இருமடங்கு நேர்ந்ததாகக் கண்டார்கள். செங்கல் சூளையிலும் வயலிலும் வேலை செய்யும் பெண்ணுக்கு நிழலும் ஓய்வும் கேட்பது தயையின் விஷயம் என்று இனியும் நாம் நினைத்துக்கொண்டிருக்கலாகாது. அது ஓர் உயிரின் கணக்கு.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சுரங்கத் தொழிலாளருக்கு வரும் கொடிய தசைப்பிடிப்பு, வியர்வையில் இழந்த உப்பை ஈடு செய்யாமல் வெறும் நீரையே நிறையக் குடிப்பதால் வருகிறது என்று மாஸ் என்ற ஆங்கிலேயர் 1923-ல் நிலைநாட்டினார். உப்பிட்ட நீராகாரத்தைக் குடித்துவிட்டு ஏர் கட்டப் போன உழவருக்கும், பந்தலில் நின்று நீர்மோர் வார்த்தவர்களுக்கும் இந்தக் காரணம் தெரியாது, காரியம் தெரியும்.

சரீரம் பழகவும் செய்யும். பத்துப் பதினான்கு நாள் உஷ்ணத்தில் உழைத்தவருக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை முன்னதாகவே அரும்புகிறது, அதில் உப்பு குறைகிறது. ஜப்பானிய உடலியல் அறிஞர் யாஸ் கூனோ, ஒருவருக்கு எத்தனை வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்யும் என்பது பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வளரும் சீதோஷ்ணத்தாலேயே தீர்மானமாகிறது என்று கருதினார். அப்படியானால், உறையூரில் தூளியில் கிடந்து வியர்த்த குழந்தைக்கு ஊர் தன் முத்திரையைத் தோலிலேயே பதித்துவிடுகிறது. ஆயினும் பழக்கத்துக்கும் எல்லை உண்டு. முப்பது வருஷம் திருச்சி வெயிலைக் கண்டவரும் ஹால்டேனின் எண்ணுக்கு அப்பாற்பட்டவரல்லர்.

இனி, இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். வெயிலால் மயங்கி விழுந்தவரை எல்லோரும் காண்கிறார்கள். விழாமல், நாற்காலியில் நேராக உட்கார்ந்தபடியே, வெயிலால் அறிவு மழுங்கிக்கொண்டிருப்பவரை யாரும் காண்பதில்லை. அவரே காண்பதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் நார்மன் மாக்வொர்த் என்ற உளவியல் அறிஞர், கப்பற்படையின் கம்பியில்லாத் தந்தி ஊழியர்கள் உஷ்ணப் பிரதேசங்களில் செய்தியைத் தவறாக வாங்கிவிடுகிறார்களா என்று அறியும்பொருட்டு, அவர்களைச் சூடேற்றிய அறையில் மணிக்கணக்காக உட்காரவைத்து, காதில் கேட்கும் தந்தி ஒலிகளை எழுதச் செய்து, பிழைகளை எண்ணினார். குளிர்ந்த நிலையிலிருந்து மிதமான உஷ்ணம்வரை பிழைகள் கூடவேயில்லை. ஒரு வரம்புக்கு மேலே சிறிது கூடின. அதற்கும் அப்பால் அறை சென்றபோது, மெல்ல ஏறிக்கொண்டிருந்த கோடு செங்குத்தாய் நிமிர்ந்துவிட்டது. நேரம் செல்லச் செல்லப் பிழையும் பெருகிற்று. அவர்களுள் மிகத் தேர்ந்தவர்கள் மிகக் குறைவாகவே பாதிக்கப்பட்டார்கள், நடுத்தரமானவர்களே வீழ்ந்தார்கள்.

இந்த முடிவுகளில் மூன்று உண்மைகள் பின்னிக் கிடக்கின்றன. மனம் உஷ்ணத்தை எதிர்த்து நிற்கிறது. கூடுதல் முயற்சியைச் செலவிட்டுத் தன் வேலையின் தரத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆகவே வெகு நேரம் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. அந்தக் கையிருப்பு தீர்ந்ததும் வீழ்ச்சி படிப்படியாக வராமல் சடுதியில் வருகிறது. மேலும், அப்பியாசத்தால் தேகத்தோடு ஒன்றிவிட்ட வித்தை பிழைத்துக்கொள்கிறது. புதிதாகச் சிந்திக்கவேண்டிய காரியமே முதலில் கெடுகிறது. வேத பாடசாலையில் பன்னிரண்டு வருஷம் ஓதிய அத்தியாபகர் உச்சி வெயிலில் வேதத்தைக் கனபாடமாகச் சொன்னாலும் ஸ்வரம் பிசகுவதில்லை. நாலாயிரமும் அப்படித்தான் நாவிலிருந்து தானே வரும். அவரையே அந்த வேளையில் புழுக்கமான அறையில் உட்காரவைத்து, அதுவரை கண்டிராத ஒரு கணக்கைக் கொடுத்தால், இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தேடும்போது முதலாவது நழுவிவிடும். தொடர்ந்த அவதானம், ஒரே சமயத்தில் இரண்டைக் கவனித்தல், அவசரத்தை அடக்குதல், 'இது சரியா?' என்று தன் விடையையே மறுமுறை சந்தேகித்தல் ஆகியவை விவேகத்தின் மேல்தளங்கள். உஷ்ணம் மாடியிலிருந்து கீழே இறங்கி வருகிறது.

காரணம் சரீரத்திலேயே இருக்கிறது. எடையில் ஐம்பதில் ஒரு பங்கான மூளை, தேகத்தின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. அதற்குத் தடையற்ற ரத்தவோட்டம் வேண்டும். தோலுக்கு ரத்தம் திரும்பிவிட்டதையும், வியர்வையால் நீர் குறைந்ததையும் முன்னமே கண்டோம். உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு நீர் குறைந்தாலே கவனம் தளர்கிறது என்பது பல சோதனைகளில் தெரிந்தது. உடல் மிகவும் சூடேறும்போது சுவாசம் வேகமாகி, ரத்தத்தில் கரியமிலவாயு குறைய, அதனால் மூளையின் நாளங்கள் சுருங்கி அங்கே போகும் ரத்தமும் குறைகிறது. உடல் 40 டிகிரியைத் தாண்டும் கடைசிக் கட்டத்தில், அதாவது வெப்ப வாதையில், ஒருவன் சம்பந்தமில்லாமல் பேசுவதும், வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதும், காரணமின்றிச் சீறுவதுமே முதல் அடையாளங்களாகின்றன. அப்படிப்பட்டவனுக்கு வாயில் நீர் புகட்ட முயல்வதைவிட, நிழலுக்கு இழுத்துவந்து அவன் மேல் குடங்குடமாகத் தண்ணீரைக் கொட்டி, விடாது விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் உயிரைக் காக்கும். வியர்வை நின்றுபோனால்தான் வாதை என்று நம்பிக் காத்திருக்கக்கூடாது. உழைத்து வீழ்ந்தவனுக்கு வியர்த்துக்கொண்டே வாதை வரும். புத்தி தடுமாறுகிறதா என்பதே கேள்வி.

2025-ஆம் வருஷம் மே மாதம் 4-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பஞ்சாங்கப்படி அன்று அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். அன்றுதான் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு. பகல் 1.30-க்கு வாசல் அடைக்கப்பட்டு, 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிந்த அந்தப் பரீட்சையில் 180 நிமிஷத்தில் 180 கேள்விகள். ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு மதிப்பெண் கழிவு. எந்தத் திறமைகளை உஷ்ணம் முதலில் பறிக்கும் என்று மேலே சொன்னோமோ, அதே திறமைகளை, அவற்றைப் பறிக்கும் பருவத்தில், பறிக்கும் வேளையில், நாடு முழுவதும் லட்சக்கணக்கான குழந்தைகளிடம் அளந்து பார்க்கிறோம். வெளியே வேப்ப மரத்தடியில் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தாய்மார் நிற்கிறார்கள். முற்பகலிலிருந்தே வெயிலில் வரிசையில் நின்று சோதனைக்கு உட்பட்டு உள்ளே போன பிள்ளை, எந்தக் கட்டிடத்தில், எந்த மாடியில், எந்த விசிறிக்குக் கீழே உட்கார நேர்ந்தது என்பது அதிருஷ்டம். மொட்டை மாடிக்கு நேர் கீழேயுள்ள அறையில் உட்கார்ந்தவளும், மரநிழல் விழும் கீழ்த்தள அறையில் உட்கார்ந்தவளும் ஒரே பரீட்சை எழுதினார்கள் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இது என் உணர்ச்சி மாத்திரமன்று. நியூயார்க் நகரத்துப் பள்ளிகளில் ஜூன் மாதம் நடக்கும் பொதுத்தேர்வுகளை ஆராய்ந்த ஜிசுங் பார்க் என்ற பொருளியலறிஞர், 90 டிகிரி பாரன்ஹீட், அதாவது 32 செல்சியஸ் உள்ள நாளில் எழுதியவர்கள், 22 டிகிரி நாளில் எழுதியவர்களைவிடத் தெளிவாகக் குறைந்த மதிப்பெண் பெற்றதைக் காட்டினார். அந்த எண்ணை அப்படியே நம் ஊருக்குப் பொருத்துவது பிழை. 32 டிகிரி திருச்சியில் மழை பெய்து ஓய்ந்த நாள். ஆனால் நம் தேசத்துக் குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் கொண்டு 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, முந்திய ஆண்டில் கடும் உஷ்ண நாட்கள் கூடக் கூட மதிப்பெண் குறைவதைக் கண்டது. அதிலும் முக்கியமாக, உஷ்ணம் பயிரைக் கெடுத்து, வருமானத்தைக் குறைத்து, வயல் வழியாகக் குழந்தையின் பலகைக்கு வந்து சேர்கிறது என்று காட்டியது. லால்குடிப் பக்கத்துச் சிறு விவசாயியின் மகளுக்கு வெயில் இரண்டு வாசல்களால் நுழைகிறது.

தமிழ்நாட்டு அரசு 2023-ல் வெயிலை முன்னிட்டுப் பள்ளித் திறப்பை முதலில் ஜூன் 7-க்கும், பின்னர் உயர்வகுப்புகளுக்கு 12-க்கும், தொடக்க வகுப்புகளுக்கு 14-க்கும் தள்ளிவைத்தது. 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் அறிவித்தது. இரண்டும் நல்ல காரியங்கள். பரீட்சை மண்டபம் மட்டும் இன்னும் கடிகாரத்துக்கே கட்டுப்பட்டிருக்கிறது.

பகலின் கணக்கு இரவிலும் தொடர்கிறது. தூக்கம் வருவதற்குத் தேகத்தின் உள்வெப்பம் சற்றே இறங்கவேண்டும். கையும் காலும் சூட்டை வெளியே விட்டால்தான் கண் சொருகும். பாஸ்டன் நகரத்தில் 2016-ஆம் வருஷக் கோடையில் 44 மாணவர்களைக் கொண்டு செய்த சோதனையில், குளிர்பதனமில்லாத விடுதியில் தூங்கி எழுந்தவர்கள், மறுநாள் காலையில் எளிய சோதனைகளுக்கு விடையளிக்க மற்றவரைவிடச் சுமார் நூற்றுக்கு 13 பங்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நல்ல வாலிபர்கள், நோயாளிகளல்லர். ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் இருந்த பழைய நீண்ட வீடுகள், திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லைக் கிணறு என்று தெருவிலிருந்து தோட்டம்வரை ஒரே நேர்கோட்டில் திறந்திருந்து, முற்றத்தின் வழியாகச் சூடு மேலே போகவும், நாட்டு ஓட்டின் இடுக்குகளால் வீடு மூச்சுவிடவும் இடம் கொடுத்தன. அவற்றை இடித்து எழுப்பிய கான்கிரீட் பெட்டிகளில் பகலில் உண்ட சூட்டைக் கூரை இரவெல்லாம் கக்குகிறது. ஒரு வீட்டின் குளிர்பதனப் பெட்டி தன் சூட்டை அடுத்த வீட்டு ஜன்னலில் தள்ளுகிறது. பழைய வீடுகளில் வேறு குறைகள் இருந்தன. இருட்டும், புகையும், கொசுவும் பொய்யல்ல. ஆனாலும் இரவில் தூங்க முடிந்தது.

பொன்மலை ரயில்வே பணிமனையிலும், திருவெறும்பூரில் கொதிகலன் செய்யும் பெல் ஆலையிலும் உலை அருகே நிற்பவர்களைப் பற்றித் தனியே ஓர் அத்தியாயம் எழுதலாம். இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் இடம்பெயர்ந்த அந்தப் பணிமனையில் இன்றும் நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்கிறார்கள். பற்றவைப்பவரின் கண் ஒரு நூலிழை தவறினால் கொதிகலனின் மூட்டு தவறும். இந்தியத் தொழிற்சாலைகளைப் பற்றி 2021-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஆண்டின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் உற்பத்தி நூற்றுக்குச் சுமார் 2 பங்கு குறைவதைக் காட்டியது. உலையடி வேலையை விடியலுக்கும் இரவுக்கும் மாற்றுவதும், மணிக்கொருமுறை நிழலில் உட்காரவிடுவதும் தொழிலாளிக்குச் செய்யும் சலுகை என்று எண்ணுகிற மேற்பார்வையாளர் இந்த எண்ணை அறிதல் நலம்.

ஒவ்வொரு பரீட்சை மண்டபத்திலும், ஒவ்வொரு பட்டறையிலும், கடிகாரத்தின் பக்கத்தில் அந்த இரண்டு வெப்பமானிகளையும் மாட்டவேண்டும் என்பது என் வெகு நாளைய விருப்பம். செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். என் வீட்டுத் திண்ணைத் தூணில் அவை தொங்குகின்றன. கத்திரி முழுவதும் நாள்தோறும் பார்த்து எழுதிவைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனி பிறந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று எழும்பி, ஆடியில் அது தெருப்புழுதியை வாரி வீசத் தொடங்கும்போது, உலர்ந்த வெப்பமானி முன்போலவே உயரத்தில் நிற்க, கிழிசல் வேட்டித் துணி சுற்றிய மற்றது மட்டும் மளமளவென்று இறங்கும். அந்த வாரத்தில் ரேழியிலுள்ள பானைத் தண்ணீரும் பல் கூசுமளவு குளிர்ந்துவிடும். கல்லணைப் பக்கம் போகும் பஸ்களில் ஜனங்கள், மேட்டூர்த் தண்ணீர் முக்கொம்பு தாண்டிவிட்டதாகப் பேசிக்கொள்வார்கள்.